திட்டம் எழுதும் முன் நோட்டு எழுதுவோம்



"புரபோசல் எழுதித் தர யாராச்சும் இருக்காங்களா?"

கடந்த ஓராண்டில் பத்துப் பேராவது என்னிடம் இப்படிக் கேட்டிருப்பார்கள். ஒருவருக்கு விதை வங்கி, ஒருவருக்குச் செக்கு, இன்னொருவருக்குச் சிறுதானிய அரவை. எல்லாம் ஊருக்குப் பொதுவாகச் செய்ய நினைப்பவை, நல்ல நோக்கம். பணம் மட்டும் இல்லை. பணம் தரும் இடம் எங்கோ இருக்கிறது, அங்கே போக ஒரு தாள் வேண்டும், அந்தத் தாளை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதுதான் எல்லாருடைய நினைப்பும்.

நானும் அப்படி ஆள் தேடி அலைந்தவன். முதல் தடவை ஆள் கிடைத்தார், பணம் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை ஊரார் சேர்ந்து நாங்களே எழுதினோம், கிடைத்தது. இடையில் சென்னை கே.கே. நகரில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது நிறைய. உங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கதை

மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். இருபத்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து பூங்கார், கிச்சிலிச் சம்பா, கருங்குறுவை, மாப்பிள்ளைச் சம்பா போடுகிறோம். மாதம் ஒரு ஞாயிறு மினி வேனில் அரிசி ஏற்றிக்கொண்டு கே.கே. நகர் போவோம். சிவன் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் வைத்துக் கொடுப்போம். சுற்றுவட்டாரத்தில் முப்பத்தெட்டு வீடுகள் எங்களிடம் வாங்குகின்றன.

விளைவிப்பதில் எங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை, விற்பதிலும் இல்லை. சிக்கல் நடுவில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த அரிசி ஆலையில் இருபது மூட்டைக்குக் குறைந்தால் அரைக்க மாட்டார்கள். நாலு மூட்டை பூங்கார், மூணு மூட்டை கருங்குறுவை என்று கொண்டுபோனால் "கலந்துபோனா நான் பொறுப்பில்ல" என்பார்கள். தவிட்டோடு வேண்டும் என்று சொன்னாலும் வெள்ளையாகத் தீட்டி வந்துவிடும். ஊரிலேயே சின்ன அரவை இயந்திரம் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் எழுதித் தரும் ஆள் கிடைத்தார். நாற்பத்திரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். எனக்குப் புரிந்தது எங்கள் குழுவின் பெயரும் கடைசிப் பக்கத் தொகையும்தான். வண்டி, மடிக்கணினி, பயிற்சிக் கூடம், இருபத்து நான்கு விழிப்புணர்வு முகாம்கள் எல்லாம் அதில் இருந்தன. அரவை இயந்திரம் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரியாக வந்தது. நாலு மாதம் கழித்து 'இயலவில்லை' என்று இரண்டு வரிப் பதில் வந்தது.

அடுத்த மாதம் அரிசி கொடுக்கும்போது இதைப் புலம்பினேன். கருங்குறுவை வாங்க வந்திருந்த ஓர் அம்மா நின்று கேட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அறக்கட்டளை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி வரும் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசம் வரும்போது அந்தப் புரபோசலை எடுத்துட்டு வாங்க தம்பி. பார்ப்போம்" என்றார்.

"இதுல உங்க ஊரு எங்க இருக்கு?"

அடுத்த மாதம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த மாதம் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் அந்த நாற்பத்திரண்டு பக்கமும் கிடந்தது, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"தம்பி, இதுல உங்க ஊர்ப் பேரை அடிச்சிட்டு வேற ஊர்ப் பேரை எழுதினா ஏதாவது தப்பாகுமா?"

யோசித்துப் பார்த்தேன். ஆகாது.

"அப்ப இது உங்க ஊருக்கான திட்டம் இல்ல. ஒரு நாளைக்கு நான் பதினஞ்சு படிப்பேன். எல்லாத்துலயும் விவசாயி கஷ்டப்படறார், விழிப்புணர்வு இல்ல, பயிற்சி குடுக்கணும்னுதான் இருக்கும். எதை எடுக்கறது?"

பிறகு கொல்லிமலைக் கதையைச் சொன்னார். நம்மில் பலருக்கும் தெரிந்த இடம்தான். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த மலையில் சாமை, தினை, கேழ்வரகு என்று தலைமுறை தலைமுறையாக விளைந்தது. பிறகு மரவள்ளி ஏறியது. கீழே சேகோ ஆலைகள் காத்திருந்தன, பணம் கையில் வந்தது, சிறுதானியப் பரப்பு சுருங்கிக்கொண்டே போனது. சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்கிறது. சத்து பற்றித் தெரியாததால் மக்கள் சாமையை விட்டுவிட்டார்கள் என்று எழுதி முகாம் நடத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பெண்களிடம் பேசியபோது வேறு காரணமும் வந்தது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது இடுப்பு ஒடிக்கும் வேலை. ரேஷன் அரிசியை அப்படியே உலையில் போட்டுவிடலாம். ஆகவே விதை, சாகுபடி முறை, விற்பனை ஆகியவற்றோடு ஊருக்குள் சின்ன அரவை இயந்திரங்களும் போயின. பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தின, மதிப்புக்கூட்டிய பொருள்கள் செய்தன.

"சாமை குறைஞ்சு போச்சுங்கறது நிலைமை. ஏன் குறைஞ்சதுன்னு கண்டுபிடிக்கறதுதான் திட்டத்தோட பாதி வேலை. உங்க ஊருல ஏன்னு கேட்டீங்களா?"

கேட்டோம் என்றேன். ஆலை தூரம், இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றேன்.

"யாரைக் கேட்டீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. நானும் இன்னும் மூன்று பேரும் டீக்கடையில் பேசி முடிவு செய்ததுதான்.

ஒரு பருவத்து நோட்டு

"நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. அறுப்புலேர்ந்து ஒரு பருவம் முழுக்க எழுதுங்க. அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

தை அறுவடையிலிருந்து சித்திரை வரை எழுதினோம். எந்தக் குடும்பம், என்ன நெல், எத்தனை மூட்டை, எப்போது அறுத்தது, எப்போது ஆலைக்குப் போனது, வண்டிச் செலவு, வந்த அரிசி, நொய், போகாத நெல் எங்கே போனது. பள்ளி இறுதி முடித்த இரண்டு பெண்கள் வாரம் ஒரு நாள் வீடு வீடாகப் போய் எழுதினார்கள்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இருபத்து மூன்று குடும்பங்களில் ஒன்பது குடும்பத்து நெல்தான் ஆலை வரைக்கும் போயிருந்தது. மீதிப் பதினான்கு குடும்பங்கள் களத்திலேயே ஏவாரிக்குக் கொடுத்துவிட்டன. மரபு நெல்லுக்கு அவர் தனி விலை தரவில்லை, சாதாரண நெல் விலைதான். காரணம் தூரம் இல்லை, காத்திருப்பு. இருபது மூட்டை சேரும்வரை காத்திருக்கச் சின்ன உழவரால் முடியாது. பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி, அடுத்த நடவு எல்லாம் அந்த வாரத்திலேயே நிற்கும். அந்தப் பதினான்கில் பெரும்பாலும் ஓர் ஏக்கருக்குக் கீழே வைத்திருப்பவர்கள்.

அதாவது, கே.கே. நகரில் 'எங்கள் குழுவின் அரிசி' என்று நான் கொடுத்துக்கொண்டிருந்தது ஒன்பது பேருடைய அரிசி. அதில் நானும் ஒருவன். மற்றவர்கள் பெயரைச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. இது எனக்கு வெட்கமாக இருந்தது.

திட்டமும் மாறியது. முன்பு கேட்டது பெரிய இயந்திரம். இப்போது தேவை, ஒரு மூட்டையானாலும் தனியாக அரைத்துக் கொடுக்கும் சின்ன ரப்பர் உருளை இயந்திரம். கூடவே, நெல்லை வைத்தவுடன் கொஞ்சம் முன்பணம் தர ஒரு சுழல்நிதி. நோட்டு இல்லாவிட்டால் சுழல்நிதி எங்கள் மூளைக்கு எட்டியே இருக்காது. தப்பான இயந்திரத்தை வாங்கிப் போட்டுப் பூட்டியிருப்போம்.

கே.கே. நகர் வீடுகளிலும் ஒரு தாள் கொடுத்தோம். மாதம் எந்த அரிசி எத்தனை கிலோ வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். 'சந்தை வாய்ப்பு மிக நன்றாக உள்ளது' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட முப்பத்தெட்டுக் கையெழுத்து கனமானது.

"இடம் யாருது தம்பி?"

நோட்டோடு போனேன். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப ஊரு தெரியுது" என்றார். மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த கேள்வி வந்தது.

"மிஷின் எங்க வைக்கப்போறீங்க?"

"எங்க மாட்டுக்கொட்டகை ஒண்ணு சும்மா கிடக்குதும்மா. அதுல வெச்சிடலாம். வாடகை வேணாம்."

"இடம் யாருது?"

"என்னுதுதான்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அஞ்சு வருஷம் கழிச்சு உங்க பையன் வந்து, எங்க இடத்துல இருக்கற மிஷின் எங்களுதுன்னு சொன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னபோதுதான் தெரிந்தது, பலர் மனதில் ஏற்கெனவே இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது, என் முகத்துக்காகச் சொல்லவில்லை என்று. 'அவரு எடத்துல மிசின் வெச்சுக்கத்தான் இத்தன பாடு' என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம். கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால் அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கொட்டகையும் அதைச் சுற்றி மூன்று சென்டும் பத்தாண்டுக்குச் சங்கத்தின் பெயரில் குத்தகைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுத்தேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும், வெறும் முத்திரைத்தாள் போதாது.

பொதுப் பணத்தில் வாங்கும் எதுவும் தனியார் இடத்தில் எழுத்து இல்லாமல் நிற்கக் கூடாது. கிணறு, கொட்டகை, விதை வங்கி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பணம் தருபவர் இதைக் கேட்பார். அவர் கேட்கும் முன் ஊர் கேட்க வேண்டும்.

யார் ஓட்டுவது, எதில் ஓட்டுவது

பழைய தாளில் 'மகளிர் மேம்பாடு' என்று ஒரு பத்தி இருந்தது. "எந்தப் பொம்பளைங்க, எத்தனை மணிக்கு மில்லுக்கு வருவாங்க?" என்று கேட்டார். விடிகாலையில் பால் கறவை, பிறகு வயல், மாலையில் சமையல். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரைதான் அவர்களால் முடியும். ஆகவே அரவை நேரத்தை அப்படி வைத்தோம். இரண்டு பெண்களுக்கு இயந்திரம் ஓட்டப் பயிற்சி, அரைத்த கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 'மேம்பாடு' என்ற சொல் போய், நேரமும் கூலியும் வந்தன.

மின்சாரத்தில் ஒரு பாடம். பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் அரவை இயந்திரம் ஓட்டக் கூடாது. தனி இணைப்பு வாங்க வேண்டும். அதற்கான வைப்புத்தொகையையும் மாதக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் காட்ட வேண்டும். பலர் இயந்திர விலையை மட்டும் போட்டுவிட்டு, வந்தபின் இணைப்புக்கு அலைகிறார்கள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். ஜிஎஸ்டி, ஏற்றி இறக்கும் கூலி, நிறுவும் செலவு, தேய்ந்துபோகும் உருளைக்கு மாற்று என்று எல்லாவற்றையும் போடுங்கள். ஊர் போடும் பங்கையும் எழுதுங்கள். இடம், கொட்டகைச் சீரமைப்புக்கு உடல் உழைப்பு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பணம். எங்கள் பட்ஜெட் ஒன்றரைப் பக்கம்தான். வண்டியையும் மடிக்கணினியையும் கூடத்தையும் நாங்களே அடித்துவிட்டோம்.

பணம் தீர்ந்த பிறகு?

கடைசிக் கேள்வி இதுதான். இதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். இரண்டு கிலோ விதை வாங்கும் உழவர் அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு விதிதான் விதையை ஊர் ஊராகப் பரப்பியது. அவர் 2018 டிசம்பரில் மறைந்துவிட்டார், அவர் கொடுத்த நெல் இன்றும் நம் வயல்களில் நிற்கிறது. திட்டம் தன் காலில் நிற்கிறதா என்பதற்கு இப்படி ஒரு விதி உள்ளே இருக்க வேண்டும்.

எங்கள் விதி: அரவைக் கூலியில் கிலோவுக்கு ஐம்பது காசு பழுது நிதிக்கு. முன்பணம் வாங்கியவர் அரிசி விற்றவுடன் திருப்பித் தர வேண்டும், தவறினால் அடுத்த பருவம் முன்பணம் இல்லை. இதைப் பணம் தருபவர் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

எந்தக் கதவைத் தட்டுவது

திட்டம் தெளிவான பிறகுதான் இதற்கு வர வேண்டும். சில அடிப்படைகளைச் சொல்கிறேன். விதிகள் மாறிக்கொண்டிருப்பவை, போடும் முன் அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். வருமானவரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் நிதி ஆயோக்கின் 'தர்பன்' எண்ணும் பல இடங்களில் கேட்கப்படும்.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வருகிறது. நிகர லாபம் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை இதற்குச் செலவிட வேண்டும். அதை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்பு, 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி இலாப நோக்குள்ள கம்பெனியாகவே கருதப்படுவதால், இந்த வழியில் நேரடியாக வாங்க இயலாது. பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ தேவை.

வெளிநாட்டு நிதி என்றால் எஃப்சிஆர்ஏ பதிவு கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பின் ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. 'எங்க பேர்ல வாங்கித் தர்றோம்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அரசு வழிகளில், உணவு பதப்படுத்தும் சிறு தொழில்களுக்கு 2020இல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் (பிஎம்எஃப்எம்இ) வங்கிக் கடனோடு 35 விழுக்காடு மானியம் உண்டு. தனிநபருக்கு உச்சவரம்பு 10 லட்சம். இயற்கை வேளாண் தொகுப்புகளுக்கான பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் 20 எக்டேர் தொகுப்பாகச் சேர வேண்டும். மூன்றாண்டுக்கு எக்டேருக்கு 31,500 ரூபாய், அதில் 15,000 நேரடியாக உழவர் கணக்குக்கு. நபார்டு நிதிகளுக்கு முதலில் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் போய்ப் பாருங்கள். தாளை அனுப்பும் முன் ஆளைப் பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆண்டு எதற்குப் பணம் இருக்கிறது என்று பார்த்துத் திட்டத்தை வளைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது அரவை, கிடைப்பது முகாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கிவிட்டால் மூன்றாண்டு முகாம் நடத்தியே ஓய்ந்துபோவீர்கள்.

படித்துக் காட்டினோம்

ஒன்பது பக்கம் வந்தது. தமிழில்தான் எழுதினோம், ஆங்கிலத்துக்கு அம்மா மாற்றிக் கொடுத்தார். அனுப்பும் முன் ஒரு நிபந்தனை போட்டார். "ஊருல சத்தமா படிச்சுக் காட்டுங்க. யாருக்குப் புரியலையோ அந்த வரியை மாத்துங்க."

மாரியம்மன் கோயில் திடலில் படித்தோம். ஏழு இடங்களில் திருத்தினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்வையிட ஓர் அலுவலர் வந்தார். என்னைக் கேட்பார் என்று தயாராக நின்றேன். அவர் நேரே வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் போய், "மிஷின் வந்தா உங்களுக்கு என்னம்மா?" என்றார்.

"எனுக்கு மூணு மூட்டதான் வரும் சார். அத்தத் தனியா அரச்சுத் தருவாங்க. முன்பணமும் குடுப்பாங்க, அப்புறம் கட்டிடணும். அவசரத்துக்கு ஏவாரிகிட்ட ஓட வேணாம்."

ஒன்பது பக்கமும் அதில் அடக்கம்.

கேட்டதில் பொட்டலமிடும் இயந்திரத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் உருளை நாங்கள் கணக்குப் போட்டதற்கு முன்பே தேய்ந்துவிட்டது, பழுது நிதியில் அவ்வளவு சேரவில்லை, குடும்பத்துக்கு நூறு ரூபாய் பிரித்துத்தான் மாற்றினோம். அதையும் மறைக்காமல் காலாண்டு அறிக்கையில் எழுதினோம். போன தையில் பத்தொன்பது குடும்பத்து அரிசி கே.கே. நகர் போனது. மீதி நாலு குடும்பம் ஏன் வரவில்லை என்று இப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

புரபோசல் எழுத ஆள் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் பிறகு பார்க்கலாம். இந்த அறுவடையிலேயே ஒரு நோட்டு போடுங்கள். அதை முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், நானும் வந்து உங்களோடு உட்காருகிறேன்.